மிரர்லெஸ்ஸா, சட்டைப்பை கேமராவா? ஒரு துளையின் கணக்கு

கேமரா வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது “எத்தனை மெகாபிக்சல்?” என்றுதான். கிடைக்கும் பதில் அவரைக் குழப்பத்தில் விட்டுவிடும். சட்டைப்பையில் அடங்கும் மெல்லிய கேமரா 20 மெகாபிக்சல் என்கிறது. லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய மிரர்லெஸ் கேமரா 24 மெகாபிக்சல் என்கிறது. எண்ணில் பெரிய வேறுபாடு இல்லை. விலையிலும் எடையிலும் பல மடங்கு வேறுபாடு. அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது? அது நமக்குத் தேவைப்படும் ஒன்றுக்குத்தான் போகிறதா?

இதற்கு விடை சொல்லும் எண்ணை எந்தத் தயாரிப்பாளரும் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடுவதில்லை. லென்ஸின் முன்வளையத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு எண்களிலிருந்து நாமேதான் கணக்கிட வேண்டும். ஒளி உள்ளே நுழையும் துளையின் விட்டம்தான் அந்த எண். இருட்டில் எடுத்த படம் எவ்வளவு சுத்தமாக இருக்கும், முகத்துக்குப் பின்னால் உள்ளவை எவ்வளவு மங்கும், தொலைவில் உள்ள பறவையின் இறகில் எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலும் அந்த ஒரே விட்டம் பதில் சொல்லிவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டவர்கள் விளம்பரங்களுக்கு மயங்க மாட்டார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

சென்சாரின் பரப்பு

ஒரு காலத்தில் ஃபிலிம் இருந்த இடத்தில் இன்று ஒரு சிலிக்கான் சில்லு இருக்கிறது. அதுதான் சென்சார். லென்ஸ் குவிக்கும் ஒளி அதன்மேல் விழும்போது ஃபோட்டான்கள் சிலிக்கானிலிருந்து எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன. ஒவ்வொரு பிக்சலிலும் எத்தனை எலக்ட்ரான்கள் சேர்ந்தன என்று எண்ணினால் படம் கிடைத்துவிடும். 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடி இந்த வழியைத் திறந்துவைத்தது. 2009ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது. இன்றைய கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது சீமாஸ் வகைச் சென்சார். 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாஸம் குழுவினர் செய்த வேலை அதன் வளர்ச்சிக்கு அடித்தளம்.

சென்சார்களின் அளவில்தான் முதல் பெரிய வேறுபாடு இருக்கிறது. பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தின் அளவே கொண்ட ‘ஃபுல் ஃபிரேம்’ சென்சார் 36 × 24 மி.மீ.; பரப்பு 864 சதுர மி.மீ. நடுத்தர மிரர்லெஸ் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் ஏறக்குறைய 23.5 × 15.6 மி.மீ.; பரப்பு சுமார் 367. உயர்தரச் சட்டைப்பை கேமராக்களில் உள்ள ‘ஒரு அங்குல’ வகைச் சென்சார் 13.2 × 8.8 மி.மீ.; பரப்பு 116. மலிவான மெல்லிய கேமராக்களில் நீண்டகாலமாக இருந்துவரும் 1/2.3 அங்குல வகை வெறும் 6.17 × 4.55 மி.மீ.; பரப்பு 28. ஃபுல் ஃபிரேமின் பரப்பு இதைப் போல முப்பது மடங்கு. ‘ஒரு அங்குலம்’ என்பதும் மெய்யான அளவு அல்ல. பழைய தொலைக்காட்சி கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தைக் குறித்த வழக்கம் அப்படியே தொடர்கிறது; அந்தச் சென்சாரின் மூலைவிட்டம் 16 மி.மீ.தான்.

பரப்பு ஏன் முக்கியம்? தூறல் தொடங்கும் நேரத்தில் முற்றத்தில் ஒரே அளவுள்ள சிறுசிறு கிண்ணங்களை வரிசையாக வையுங்கள். வானம் எல்லாக் கிண்ணங்களுக்கும் ஒன்றுபோலத்தான் பெய்கிறது. ஆனாலும் ஒன்றில் நான்கு துளி இருக்கும், பக்கத்துக் கிண்ணத்தில் ஒன்பது இருக்கும். அதே தூறலில் அகன்ற அண்டாக்களை வைத்தால் ஒன்றுக்கொன்று வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. ஒளியும் இப்படித் துளித்துளியாகத்தான் வருகிறது. சராசரியாக 100 ஃபோட்டான்கள் விழ வேண்டிய இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 10 அளவுக்கு இருக்கும். அதாவது பத்து சதவீதம். 10,000 ஃபோட்டான்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100. அதாவது ஒரே சதவீதம். இருட்டில் எடுத்த படத்தில், சமமான நிறத்தில் இருக்க வேண்டிய சுவரில் மணல் தூவியதுபோல் தெரிகிறதே, அந்த ‘இரைச்சல்’ பெரும்பாலும் இதுதான். அது கேமராவின் குறையன்று, ஒளியின் இயல்பு. எந்த மென்பொருளாலும் அதை அடியோடு ஒழிக்க முடியாது. அதிகமான ஒளியைச் சேர்ப்பது ஒன்றே உண்மையான மருந்து.

துளையைக் கணக்கிடுவது எப்படி?

பெரிய சென்சார் இருந்தால் மட்டும் அதிக ஒளி சேர்ந்துவிடாது. சென்சாரின்மேல் ஒளியைக் கொண்டுவந்து கொட்டுவது லென்ஸ். ஒரே காட்சியை, ஒரே கோணத்தில், ஒரே ஷட்டர் வேகத்தில் இரண்டு கேமராக்கள் எடுத்தால், எதன் துளை பெரியதோ அதற்குத்தான் அதிக ஒளி கிடைக்கும். சென்சார் என்ன அளவாக இருந்தாலும் இந்த விதி மாறாது.

கணக்கு எளிது. லென்ஸின் வளையத்தில் குவியத் தூரமும் எஃப் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். எஃப் எண் சிறியதாக இருந்தால் துளை பெரியது.

அகன்ற கோணத்தில் எடுக்கும் நான்கு கேமராக்களை எடுத்துக்கொள்வோம். நான்கும் பார்க்கும் கோணம் ஏறக்குறைய ஒன்றே. ஃபிலிம் காலத்து 28 மி.மீ. லென்ஸ் காட்டும் கோணம்.

முதலாவது, 2017இல் வந்த கேனன் இக்ஸஸ் 185. எடை 126 கிராம். லென்ஸின் குறைந்தபட்சக் குவியத் தூரம் 5 மி.மீ., எஃப் எண் 3.2. துளையின் விட்டம் 1.6 மி.மீ.

இரண்டாவது, 2012இல் வந்து சட்டைப்பை கேமரா உலகையே புரட்டிப்போட்ட சோனி ஆர்எக்ஸ்100. பேட்டரியோடு 240 கிராம். லென்ஸ் 10.4 மி.மீ., எஃப் எண் 1.8. துளை 5.8 மி.மீ.

மூன்றாவது, 2019இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3. எடை 257 கிராம். ஏபிஎஸ்-சி சென்சாரைச் சட்டைப்பைக்குள் அடக்கிய கேமரா இது, ஜூம் கிடையாது. லென்ஸ் 18.3 மி.மீ., எஃப் எண் 2.8. துளை 6.5 மி.மீ.

நான்காவது, ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமராவோடு கடையில் சேர்த்துத் தரும் வழக்கமான 18-55 மி.மீ. கிட் லென்ஸ். 18 மி.மீ.யில் அதன் எஃப் எண் 3.5. துளை 5.1 மி.மீ.

இந்தக் கடைசி எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கழுத்தில் தொங்கும் பெரிய கேமராவின் துளை, சட்டைப்பையில் கிடக்கும் ஆர்எக்ஸ்100இன் துளையைவிடச் சிறியது! ஒரு மண்டபத்தின் உட்புறத்தை அகன்ற கோணத்தில் இரண்டாலும் எடுத்தால் படங்களின் தரம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். ஜூமின் மறுமுனைக்குப் போனால் நிலைமை சற்று மாறுகிறது. ஆர்எக்ஸ்100க்கு 37.1 மி.மீ., எஃப் 4.9, துளை 7.6 மி.மீ. கிட் லென்ஸுக்கு 55 மி.மீ., எஃப் 5.6; துளை 9.8 மி.மீ. அங்கே மிரர்லெஸ் முந்துகிறது என்றாலும் விலைக்கும் எடைக்கும் ஏற்ற பாய்ச்சல் அல்ல அது.

அப்படியானால் மிரர்லெஸ் வாங்குவது வீணா? இல்லை. அதன் பலம் லென்ஸை மாற்ற முடியும் என்பதில்தான் இருக்கிறது. கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு ஜூம் இல்லாத 35 மி.மீ., எஃப் 1.8 லென்ஸை மாட்டுங்கள். துளை 19.4 மி.மீ. ஆகிவிடும். கிட் லென்ஸ் அதே 35 மி.மீ.யில் எஃப் 4.5 அளவுக்குத்தான் திறக்கும். இரண்டுக்கும் இடையே ஒளியில் ஆறு மடங்குக்கும் மேல் வேறுபாடு. ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ., எஃப் 1.8 மாட்டினால் துளை 27.8 மி.மீ.; ஒளி இன்னும் இரண்டு மடங்கு. இதே கோணத்தில் இந்த அளவுத் துளை, உள்ளே மடங்கிச் சட்டைப்பையில் அடங்கும் எந்த ஜூம் கேமராவிலும் இல்லை.

கல்யாண மண்டபத்தில் ஒரு சோதனை

எண்களைப் படமாக மாற்றிப் பார்ப்போம். 100 லக்ஸ் வெளிச்சமுள்ள ஒரு மண்டபம். நண்பகல் வெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குப் போகும்; அதோடு ஒப்பிட்டால் இது ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் நம் கண் பழகிவிடுவதால் மண்டபம் நன்றாகவே வெளிச்சமாக இருப்பதாகத் தோன்றும். அங்கே ஒரு குழந்தை ஓடி விளையாடுகிறது. அசைவு கலங்காமல் எடுக்க ஷட்டர் வேகம் குறைந்தது 1/125 விநாடி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

கிடைத்த ஒளியைப் பெருக்கிப் படத்தைப் பிரகாசமாக்கும் அளவுதான் ஐஎஸ்ஓ. எஃப் 3.2 லென்ஸுள்ள மெல்லிய கேமராவுக்கு ஐஎஸ்ஓ 3,200 வேண்டும். எஃப் 1.8 கொண்ட ஒரு அங்குல வகைக் கேமராவுக்கு ஐஎஸ்ஓ 1,000 போதும். கிட் லென்ஸ் மாட்டிய ஏபிஎஸ்-சி மிரர்லெஸ்ஸுக்கு ஏறக்குறைய 4,000. எஃப் 1.8 லென்ஸ் மாட்டிய அதே மிரர்லெஸ்ஸுக்கு 1,000.

ஐஎஸ்ஓ எண்ணை மட்டும் வைத்து வெவ்வேறு அளவுச் சென்சார்களை ஒப்பிடக் கூடாது. சென்சாரின் பரப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ்-சி அளவுக்கு மாற்றிச் சொன்னால், மெல்லிய கேமராவின் இரைச்சல் ஐஎஸ்ஓ 40,000க்குச் சமம். ஒரு அங்குல வகையின் இரைச்சல் 3,200க்குச் சமம். கிட் லென்ஸ் மிரர்லெஸ் 4,000. நல்ல லென்ஸ் மாட்டிய மிரர்லெஸ் 1,000. மெல்லிய கேமராக்களில் பல, இப்படியொரு சூழலில் ஐஎஸ்ஓவை அவ்வளவு ஏற்ற முடியாமல் ஷட்டரை மெதுவாக்கிவிடும். குழந்தையின் முகம் கலங்கிவிடும். ஃபிளாஷ் போட்டால் முகம் வெளுத்து, பின்னால் உள்ள மண்டபம் இருண்டுவிடும்.

பின்னணி மங்குவதும் இறகு தெரிவதும்

ஒரு முகத்தைத் தெளிவாக எடுத்து, பின்னால் உள்ள மரங்களையும் தெருவையும் மங்கச் செய்ய விரும்பாதவர்கள் குறைவு. இதற்கும் துளைதான் காரணம். மிகத் தொலைவில் உள்ள ஒரு விளக்கிலிருந்து வரும் கதிர்கள் இணையாக வந்து துளையை நிரப்புகின்றன. அந்தக் கதிர்க்கற்றையின் அகலம் துளையின் விட்டமேதான். அதனால் முகத்தின்மேல் ஃபோகஸ் செய்திருக்கும்போது, தொலைவில் உள்ள ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் முகம் இருக்கும் தளத்தில் துளையின் விட்டமளவு வட்டமாக விரிகிறது. 1.6 மி.மீ. துளை கொண்ட மெல்லிய கேமராவில் அந்த வட்டம் ஒரு கொத்தமல்லி விதையின் அளவுகூட வராது. முகத்தோடு ஒப்பிட்டால் பின்னணி எல்லாம் தெளிவாகவே நிற்கும். 85 மி.மீ., எஃப் 1.8 லென்ஸின் துளை 47 மி.மீ. அதில் அந்த வட்டம் கன்னத்தின் பெரும்பகுதியை மூடும் அளவுக்கு வந்துவிடும். கைபேசிகள் மென்பொருளால் பின்னணியை மங்கச் செய்யும்போது கலைந்த முடியின் ஓரங்களில் தடுமாறுவதற்கும் இதுவே காரணம். துளை செய்ய வேண்டிய வேலையை அவை ஊகத்தால் செய்கின்றன.

அடுத்தது நுணுக்கம். ஒளி ஓர் அலை. சிறிய துளை வழியாகப் போகும்போது அது விரிந்து, ஒரு புள்ளியை ஒரு சிறு வட்டாக மாற்றிவிடுகிறது. இது விளிம்பு விளைவு. ஜார்ஜ் பிடெல் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் 1835இல் இதற்குக் கணக்கு எழுதினார். அவரது கணக்குப்படி, இக்ஸஸ் போன்ற கேமராவில் எஃப் 3.2இல் அந்த வட்டின் விட்டம் 4.3 மைக்ரோமீட்டர். அந்தச் சென்சாரின் ஒரு பிக்சல் 1.2 மைக்ரோமீட்டர்தான். ஒரு புள்ளியே மூன்றரைப் பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடுகிறது. ஜூமை முழுவதும் நீட்டி எஃப் 6.9க்குப் போனால் வட்டு 9 மைக்ரோமீட்டரைத் தாண்டும். பெட்டியில் 20 மெகாபிக்சல் என்றிருந்தாலும் அவ்வளவு தகவல் அந்தத் துளை வழியாக உள்ளே வருவதே இல்லை. சின்னச் சென்சாரில் பிக்சல்களைக் கூட்டுவதால் கோப்பின் அளவு பெருகும், நுணுக்கம் பெருகாது.

வேடந்தாங்கலில் 30 மீட்டர் தொலைவில் ஒரு நாரை உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இக்ஸஸின் ஜூமை 40 மி.மீ., எஃப் 6.9 வரை நீட்டினால் துளை 5.8 மி.மீ. அந்தத் தொலைவில் அது பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறக்குறைய 3.5 மி.மீ. 2019இல் வந்த சோனியின் 200-600 மி.மீ. லென்ஸை 600 மி.மீ., எஃப் 6.3இல் வைத்தால் துளை 95 மி.மீ.; அதன் வரம்பு 0.2 மி.மீ. காற்றின் அலைவும் கையின் நடுக்கமும் இரண்டையுமே இன்னும் சற்றுக் குறைக்கும். ஆனாலும் நாரையின் கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளி ஒன்றில் வரும், மற்றதில் வராது. விலை அதற்கு உண்டு: அந்த லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். பறவைகளை உண்மையாக நேசித்து அவற்றைப் படமெடுக்க விரும்புகிறவர்களுக்குச் சட்டைப்பை கேமரா எந்த நாளும் போதாது.

சிறிய துளையின் நன்மை

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். மூன்று வரிசையாக நிற்கும் குடும்பத்தை எடுக்கும்போது முன்வரிசைப் பேரனிலிருந்து பின்வரிசைத் தாத்தா வரை எல்லோரும் தெளிவாக வேண்டும். 19 மி.மீ. துளையை முழுவதும் திறந்தால் அது நடக்காது. மிரர்லெஸ்காரர் துளையைச் சுருக்கியாக வேண்டும். அவர் 6 மி.மீ.க்குச் சுருக்கிய நொடியில், சட்டைப்பை கேமரா வைத்திருப்பவரோடு ஒளியில் சமமாகிவிடுகிறார். ஒரே அளவு ஆழத்துக்குத் தெளிவு வேண்டும், ஷட்டர் வேகமும் ஒன்றே என்றால், பெரிய சென்சாருக்கு இரைச்சலில் எந்தச் சலுகையும் கிடையாது. பூச்சிகளையும் சமையல் தட்டுகளையும் நெருங்கி எடுக்கும்போது சிறிய கேமராக்கள் சிரமமின்றி முழுத் தெளிவு தருவதும் இதனால்தான்.

வெயிலில் பெரிய சென்சாருக்கு வேறொரு பலம் இருக்கிறது. நிரம்பி வழியும் முன் அது அதிக எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொள்ளும். வெள்ளைச் சுவர் வெளுக்காமலும் அதன் நிழலில் இருப்பவர் கறுத்துப்போகாமலும் எடுக்க அது உதவுகிறது. ஆனால் கைபேசித் திரையிலோ ஏ4 தாளிலோ பார்க்கும் சாதாரணப் பகல் படத்தில் பெரும்பாலானோர் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஏ4 அளவில் நேர்த்தியாக அச்சிட 9 மெகாபிக்சலே தாராளம்.

மெலிவதற்கு நடந்த போராட்டம்

இரண்டு வகைக் கேமராக்களும் மெலிவதற்காக வெவ்வேறு வழிகளில் போராடியவை. மிரர்லெஸ்ஸுக்கு முந்தைய எஸ்எல்ஆர் கேமராவில், லென்ஸ் பார்ப்பதைக் கண்ணுக்குக் காட்ட நடுவில் சாய்ந்த கண்ணாடி ஒன்று இருந்தது. அது மேலெழுந்து விலக இடம் வேண்டும். 1959இல் வந்த நிக்கான் எஃப் கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. விட வேண்டியிருந்தது. டிஜிட்டல் சென்சார் வந்து, அதன் படத்தை நேரடியாகத் திரையில் காட்ட முடிந்ததும் கண்ணாடிக்கு வேலை இல்லாமல் போனது. 2008இல் பானசோனிக் ஜி1 இந்தப் பாதையில் முதலடி வைத்தது. 2013இல் சோனி ஏ7 ஃபுல் ஃபிரேமையும் அதற்குள் கொண்டுவந்தது. 2018இல் நிக்கானே தன் புதிய இசட் வரிசையில் அந்த இடைவெளியை 16 மி.மீ.யாகக் குறைத்தது. ஆனால் மெலிந்தது கேமராவின் உடல்தான். பெரிய துளைக்குப் பெரிய கண்ணாடிவில்லை வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. மிரர்லெஸ் உடலைக் கையில் எடுத்துப் பார்த்து “சின்னதாக இருக்கிறதே” என்று முடிவு செய்யக் கூடாது. நாம் பயன்படுத்தப்போகும் லென்ஸையும் மாட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டைப்பை கேமராக்களின் பொறியாளர்கள் காட்டிய சாமர்த்தியம் அதற்குச் சற்றும் குறைந்ததன்று. 2002இல் வந்த மினோல்டா டிமாஜ் எக்ஸ், முப்பட்டகம் ஒன்றால் ஒளியை 90 பாகை திருப்பி, ஜூம் லென்ஸ் முழுவதையும் உடலுக்குள் செங்குத்தாக வைத்துக்கொண்டது. 2003இல் வந்த பென்டக்ஸ் ஆப்டியோ எஸ், அணைக்கும்போது லென்ஸின் நடுவில் உள்ள வில்லைத் தொகுதியைப் பக்கவாட்டில் நகர்த்தி ஒதுக்கிவிட்டு மற்றவற்றை அந்த இடத்தில் மடித்துக்கொண்டது. 2009இல் சோனி தன் மெல்லிய கேமராக்களில் பின்புறத்திலிருந்து ஒளி வாங்கும் சென்சாரை வைத்தது. பிக்சலின் முன்னால் கம்பிகள் மறைக்காததால் சின்னச் சென்சார்களுக்கு அது பெரிய வரம்.

ஃபோகஸ் வேகத்திலும் இப்படித்தான். சென்சாரின் மேலேயே கட்ட வேறுபாட்டை அளக்கும் பிக்சல்களைப் பதித்து வேகமாக ஃபோகஸ் செய்யும் முறை 2010இல் ஃபூஜிஃபில்மின் எஃப்300இஎக்ஸ்ஆர் என்ற சிறிய கேமராவில்தான் வந்தது. அடுத்த ஆண்டு நிக்கான் 1 வரிசை வழியாக மிரர்லெஸ்ஸுக்குள் நுழைந்து, இன்று ஓடும் நாயின் கண்ணைக்கூட விடாமல் பின்தொடரும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இந்தப் பின்தொடர்தலில் இன்று மிரர்லெஸ்தான் முன்னணியில் நிற்கிறது.

ஷட்டரில் சிறியவற்றுக்கு மேன்மை. லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இதழ் ஷட்டர் ஏறக்குறைய ஓசையின்றி இயங்கும். அதோடு, உச்சி வெயிலில் முகத்து நிழலைப் போக்க ஃபிளாஷ் போடும்போது 1/1000 விநாடி போன்ற வேகத்திலும் அது ஒத்துழைக்கும். மிரர்லெஸ்ஸின் திரை ஷட்டர் பெரும்பாலும் 1/160 முதல் 1/250 வரைதான் சாதாரண ஃபிளாஷோடு ஒத்துப்போகும். மற்றபடி பராமரிப்பில் இரண்டுக்கும் சங்கடங்கள் உண்டு. மிரர்லெஸ்ஸில் லென்ஸ் மாற்றும்போது சென்சாரில் தூசி விழும். ஆனால் ஊதித் துடைத்துவிடலாம். சட்டைப்பை கேமராவின் நீண்டு மடங்கும் லென்ஸ் வழியாகத் தூசி போய்விட்டால் பழுதுபார்ப்பவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில் வில்லைகளில் பூஞ்சை படியாமலிருக்க, எந்தக் கேமராவாக இருந்தாலும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

கைபேசி இருக்கும்போது?

ஜப்பானின் கேமரா தயாரிப்பாளர் சங்கக் கணக்குப்படி 2010இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குச் சென்றன. 2023இல் அது 80 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. சரிவில் பெரும்பங்கு மெல்லிய கேமராக்களுடையது. காரணத்தை நம் கணக்கே சொல்கிறது. விலை உயர்ந்த கைபேசிகள் பலவற்றின் முதன்மைக் கேமராவின் துளை 4 மி.மீ.யை நெருங்கிவிட்டது. 1/2.3 அங்குலக் கேமராவின் 1.6 மி.மீ. துளையைவிட அது ஆறு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. போதாததற்குக் கைபேசி ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. ஒன்பது படங்களை அடுக்கினால் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகும். அசையாத காட்சிகளில் இது அருமையாக வேலை செய்யும். ஓடும் குழந்தையிடம் தோற்றுப்போகும்.

அண்மைக் காலமாக இளைஞர்கள் பழைய சிசிடி கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். சிசிடிக்கென்று தனி நிறம் உண்டு என்று நம்புகிறவர்கள் பலர். சிசிடியானாலும் சீமாஸானாலும் சிலிக்கானுக்கு நிறம் தெரியாது. 1976இல் கோடாக்கின் பிரைஸ் பேயர் காப்புரிமை பெற்ற சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிக் கட்டங்களும், எடுத்த பிறகு கேமரா செய்யும் கணக்குகளுமே நிறத்தைத் தருகின்றன. அந்தத் தோற்றம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் தரம் உயரும் என்று எதிர்பார்த்து வாங்க வேண்டாம்.

யாருக்கு எது?

நல்ல கைபேசி வைத்திருப்பவர் 1/2.3 அங்குலச் சென்சார் கொண்ட மெல்லிய கேமராவை வாங்க ஏற்ற காரணங்கள் மூன்றுதான்: ஆப்டிகல் ஜூம், சரியான ஃபிளாஷ், தண்ணீருக்குள் எடுக்கும் வசதி. படத்தின் தரம் நான்காவது காரணம் ஆகாது.

தினமும் கூடவே வைத்திருக்க ஒரு கேமரா தேடுகிறவர்கள், தெருவையும் பயணத்தையும் வீட்டுக்குள் குழந்தைகளையும் எடுக்கிறவர்கள், கேமராப் பையைப் பார்த்தாலே சலித்து அதை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு அங்குல வகைச் சென்சாரோ, ஜூம் இல்லாத ஏபிஎஸ்-சி சென்சாரோ கொண்ட சட்டைப்பை கேமராதான் சரி. ஆறு மி.மீ. துளை எப்போதும் கையில் இருப்பது, இருபது மி.மீ. துளை எப்போதும் அலமாரியில் இருப்பதைவிட மேல். இவர்கள் மிரர்லெஸ் வாங்கவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை.

இருட்டில் அசையும் மனிதர்களை எடுக்கிறவர்கள், பின்னணி மங்கிய முகப்படங்களை விரும்புகிறவர்கள், பறவை, விளையாட்டு, மேடை நிகழ்ச்சி எடுக்கிறவர்கள், இக்கலையைப் படிப்படியாகக் கற்க நினைப்பவர்கள் மிரர்லெஸ் வாங்க வேண்டும். ஆனால் கிட் லென்ஸோடு நின்றுவிடக் கூடாது. அப்படி நின்றவர்கள் பெரிய கேமராவின் எடையைச் சுமந்துகொண்டு சிறிய கேமராவின் ஒளியை வாங்குகிறார்கள். முதல் நாளே ஜூம் இல்லாத ஓர் எஃப் 1.8 லென்ஸையும் சேர்த்து வாங்குங்கள். 35 மி.மீ.யோ 50 மி.மீ.யோ, பல நிறுவனங்களின் வரிசையில் அவை மலிவான லென்ஸ்களில் சேர்ந்தவை.

பணம் அளவாக இருந்தால் உடலில் மிச்சம் பிடித்து லென்ஸில் செலவழியுங்கள். ஓரிரு தலைமுறை பழைய உடலால் படத்தின் தரத்தில் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள். இன்றைய நல்ல சென்சார்கள் தம் பச்சைப் பிக்சல்களின்மேல் விழும் பச்சை ஒளியில் பாதிக்கு மேல் எண்ணிவிடுகின்றன. நாளை வரப்போகும் சென்சார் அந்தப் பிக்சல்களில் அப்படி விழும் ஒரு ஃபோட்டானைக்கூடத் தவறவிடாத முழுமையை எட்டினாலும் ஒளியின் கணக்கு இரு மடங்கை எட்டாது. லென்ஸின் துளை விட்டத்தை இரட்டித்தாலோ இன்றைக்கே நான்கு மடங்கு ஒளி கிடைத்துவிடும். அந்த நான்கு மடங்கு ஐந்தாண்டு கழித்தும் பத்தாண்டு கழித்தும் நான்கு மடங்காகவே இருக்கும்.